ரோம், நான்கு நாள், ஆறு பேர்: எங்கே கைடு வைப்பது, எங்கே வேண்டாம்?

மேட்டுத்தெரு:

வணக்கம். மே இரண்டாம் வாரம் குடும்பத்தோடு ரோம் போகிறோம். நாங்கள் இருவர், அப்பா (70), அம்மா (66), பிள்ளைகள் இருவர் (12, 6 வயது). சனி இரவு இறங்கி வியாழன் காலை கிளம்பிவிடுவோம். முழுசாகக் கையில் இருப்பது ஞாயிறு முதல் புதன் வரை. ஓட்டல் டெர்மினி ஸ்டேஷன் பக்கம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதரையில் நடப்பார், படி என்றால்தான் பயம். அப்பாவுக்கு நடை பிரச்சினை இல்லை. இரண்டு பேருக்குமே ஆங்கிலம் ஓடாது. பெரியவனுக்குக் கிளாடியேட்டர் பைத்தியம்.

இப்போதைக்குப் போட்ட திட்டம் இது:

ஞாயிறு: வாட்டிகன் மியூசியம், சிஸ்டைன் சேப்பல்
திங்கள்: போர்கேசே கேலரி, சாந்த் ஆஞ்செலோ கோட்டை
செவ்வாய்: கொலோசியம், ரோமன் ஃபோரம் (பழைய நகரின் நடுச் சதுக்கம்), பாலட்டைன் குன்று, மாலையில் பாந்தியன், ட்ரெவி நீரூற்று
புதன்: காலை புனித பேதுரு பேராலயம், மதியத்துக்கு மேல் கடைத்தெரு

எல்லா இடத்துக்கும் கைடு எடுத்தால் பட்ஜெட் தாங்காது. எதற்கு எடுக்க வேண்டும்? குழுவோடு சேர்ந்து போவதா, நமக்கு மட்டும் தனியாக ஒருவரா, ஆடியோ கைடு போதுமா? கொலோசியத்தின் நிலத்தடிப் பகுதி அம்மாவுக்கு ஒத்துவருமா? ஏறி இறங்கும் சுற்றுலா பஸ் வாங்கலாமா?

---

கல்தச்சன்:

முதலில் அந்தத் திட்டத்தைக் கலைத்துவிடுங்கள். நான்கு நாளில் மூன்று நாள் பூட்டிய கதவு முன்னால் போய் நிற்பீர்கள்.

வாட்டிகன் மியூசியம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசமாகத் திறப்பார்கள். உங்களுடையது இரண்டாம் வாரம், அதுவும் கிடையாது. (கிடைத்தாலும் போகாதீர்கள், வரிசை மதிலைச் சுற்றிக்கொண்டு நிற்கும்.) போர்கேசே கேலரியும் சாந்த் ஆஞ்செலோ கோட்டையும் திங்கள் விடுமுறை. புதன் காலை போப் மக்களைச் சந்திக்கும் நேரம். சதுக்கம் முழுக்க நாற்காலி போட்டிருக்கும், பேராலயத்துக்குள் நண்பகல் வரை விடமாட்டார்கள். செவ்வாய் ஒன்றுதான் பிழைத்தது. அதிலும் ஐந்து இடத்தைத் திணித்திருக்கிறீர்கள், பாலட்டைன் ஏற்றத்தில் அம்மா உட்கார்ந்துவிடுவார்.

நான் அடுக்கினால் இப்படி:

ஞாயிறு காலை 8.30க்குக் கொலோசியம், அங்கிருந்து ஃபோரம். கொலோசியத்திலிருந்து வெனிஸ் சதுக்கம் வரை போகும் ஃபோரி இம்பெரியாலி சாலையில் ஞாயிறு வண்டி ஓடாது. பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுக்காமல் நடக்கலாம். இந்தியாவிலிருந்து போனால் மே மாதத்தில் மூன்றரை மணி நேர வித்தியாசம், முதல் நாள் விடியற்காலை 4 மணிக்கே எல்லோரும் விழித்துக்கொள்வீர்கள். அந்தத் தூக்கக் கலக்கம் மாலையில்தான் அடிக்கும். ஆகவே முதல் நாள் காலை எவ்வளவு சீக்கிரம் வைத்தாலும் தாங்கும், மதியத்துக்கு மேல் எதுவும் வைக்காதீர்கள்.

திங்கள்: பாந்தியன், நவோனா சதுக்கம், ட்ரெவி, ஸ்பானியப் படிகள். எல்லாம் ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து நிமிட நடை. கைடு தேவையில்லை. ஸ்பானியப் படியில் உட்கார்ந்தால் அபராதம், 2019 முதல் அந்த விதி இருக்கிறது. கீழே இருந்து பார்த்துவிட்டு நகருங்கள்.

செவ்வாய்: வாட்டிகன் மியூசியம், சிஸ்டைன், அப்படியே பேராலயம். ஒரே மூச்சில் முடிப்பதுதான் லாபம்.

புதன்: போர்கேசே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பிரிவாகத்தான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு இல்லாமல் வாசலைக் கூடத் தாண்ட முடியாது. பையை ஒப்படைத்தே ஆக வேண்டும். கீழ்த்தளத்தில் பெர்னினியின் சிற்பங்கள். ‘அப்பல்லோவும் டாஃப்னியும்’ இருக்கும் அறையில் சிலையை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், விரல் இலையாக மாறுவது சுற்றி வரும்போதுதான் முழுசாகப் புலப்படும். இதற்கு ஆடியோ கைடு போதும். வெளியே பெரிய பூங்கா, சின்னவளோ சின்னவனோ ஓடட்டும்.

இனி கைடு. என் கணக்கு எளிது: பார்த்தாலே விளங்கும் இடத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், பார்த்தும் விளங்காத இடத்துக்குக் கொடுங்கள். பாந்தியனுக்குள் நுழைந்து அண்ணாந்தால் போதும். 43.3 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம், தரையிலிருந்து உச்சிக்கும் அதே உயரம், நடுவில் சுமார் 9 மீட்டர் திறப்பு. மழை உள்ளேயே விழும், அது வடியத் தரையில் துளை வைத்திருக்கிறார்கள். முகப்பில் அக்ரிப்பாவின் பெயர் இருக்கும், ஆனால் இன்றுள்ள கட்டடம் பேரரசர் ஹேட்ரியன் காலத்தது. இவ்வளவு தெரிந்தால் அரை மணி நேரம் போதுமானது.

ஃபோரம் அப்படியல்ல. கைடு இல்லாமல் போனால் ‘உடைஞ்ச தூண், உடைஞ்ச தூண், இன்னொரு தூண்’ என்று பிள்ளைகள் சொல்வார்கள், அதில் தப்பும் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டி, இடித்து, கல்லைப் பிடுங்கி வேறிடம் கொண்டுபோன பூமி. ஓர் உதாரணம்: அந்தோனினஸ்–ஃபாஸ்டினா கோயிலின் தூண்களுக்குப் பின்னால் ஒரு சர்ச் நிற்கும். அதன் கதவு தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் தொங்கும். ஏன்? சர்ச்சுக்குக் கதவு வைத்த காலத்தில் ஃபோரம் மண்மூடி அந்த உயரத்துக்கு மேடாகக் கிடந்தது, மாடு மேய்ந்தது. தோண்டி எடுத்த பிறகு கதவு மேலேயே நின்றுவிட்டது. இதைச் சொல்ல ஆள் இருந்தால் முழு இடமும் திறந்துகொள்ளும்.

கொலோசியத்துக்கும் ஆள் இருப்பது நல்லது. சுவர் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி ஓட்டை இருக்கும். கல்லோடு கல்லைப் பிணைத்த இரும்புப் பட்டைகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்த இடங்கள் அவை. கீழ் வளைவுகளின் தலையில் ரோமன் எண்களைத் தேடச் சொல்லுங்கள் பெரியவனை. அந்தக் காலத்து நுழைவாயில் எண்கள், 23 முதல் 54 வரை இன்றும் நிற்கின்றன.

சுற்றுலா பஸ்: வேண்டாம். பழைய நகரின் குறுகிய தெருவுக்குள் அது போகாது, பெரிய சாலை நெரிசலில்தான் உட்காரும்.

---

வல்வைக்காற்று:

கல்தச்சன் சொன்ன ஒழுங்கு சரி. நான் ரிக்கெற் விஷயத்தை மட்டும் சொல்லுறன், அங்கதான் கனபேர் அடிபடுறது.

கொலோசியம் ரிக்கெற் அவையின்ர அதிகாரபூர்வ தளத்தில 30 நாளுக்கு முன்னம்தான் திறக்கும். நீங்கள் போற நாளுக்குச் சரியா 30 நாள் முந்தி இருந்து பாருங்கோ. நிலத்தடி ரிக்கெற் திறந்த கையோட முடிஞ்சு போகும். சாதாரண ரிக்கெற் 18 யூரோ, அரங்கத் தரையோ நிலத்தடியோ சேர்ந்தது 24 யூரோ. இரண்டிலையும் ஃபோரமும் பாலட்டைனும் அடக்கம். ஆனா ஃபோரத்துக்குள்ள ஒருக்காத்தான் விடுவினம். வெளியில வந்து சாப்பிட்டிட்டுத் திரும்பப் போகேலாது.

18 வயசுக்குக் கீழ பிள்ளையளுக்குக் காசில்லை, ஆனா அவைக்கும் பூச்சிய யூரோ ரிக்கெற் எடுத்தே ஆகோணும். ‘பிள்ளைதானே’ எண்டு விட்டிட்டு வாசலில நிண்டு முழிக்கிற ஆக்கள் இருக்கினம்.

அடுத்தது பேர். 2023 ஒக்ரோபரில இருந்து கொலோசிய ரிக்கெற்றில ஒவ்வொருத்தற்ற பேரும் அச்சடிச்சு வரும், வாசலில பாஸ்போட்டோட ஒத்துப் பாப்பினம். எங்கட ஆக்களுக்கு இதில ஒரு சிக்கல். இனிசல் போட்டு எழுதிப் பழகினது, பாஸ்போட்டில தகப்பன் பேர் ஒரு கட்டத்தில, சொந்தப் பேர் இன்னொரு கட்டத்தில. பாஸ்போட்டில எப்பிடி இருக்கோ அப்பிடியே அடியுங்கோ, இனிசலாச் சுருக்க வேண்டாம். குடும்பப் பேர் கட்டம் வெறுமையா இருக்கிற பாஸ்போட் எண்டால், சொந்தப் பேரையே இரண்டு கட்டத்திலையும் போடுங்கோ. ஆறு பாஸ்போட்டையும் முன்னால விரிச்சு வைச்சுக்கொண்டு பதியத் தொடங்குங்கோ, நேரம் ஓடேக்க தேடிக்கொண்டு நிக்கேலாது.

வாட்டிகன் மியூசியம் 20 யூரோ, இணையத்தில பதிஞ்சால் மேல 5. அந்த ஐஞ்சைக் குடுங்கோ, மிச்சம் பிடிக்கப் போனால் வெயிலில மணித்தியாலக் கணக்கா நிக்கோணும். 7 வயசுக்குக் கீழ இலவசம், 7 தொடக்கம் 18 வரை சலுகை விலையும் பதிவுக் காசும்.

‘வரிசை இல்லாமல் உள்ளே’ எண்டு விக்கிறதை நம்பி ஏமாறாதேங்கோ. ரிக்கெற் வரிசையைத்தான் தாண்டலாம். பாதுகாப்புச் சோதனை வரிசையை ஒருத்தரும் தாண்டேலாது. கொலோசியத்துக்குக் கண்ணாடிப் போத்தலும் பெரிய பையும் கொண்டு போகக் கூடாது, வைச்சிட்டுப் போக அங்க இடமும் இல்லை. ஹொட்டேலிலயே விட்டிட்டு வெளிக்கிடுங்கோ.

போக்குவரத்து: மெற்றோ, பஸ் ஒரு பயண ரிக்கெற் 1.50 யூரோ, 100 நிமிசம் செல்லும், அதுக்குள்ள மெற்றோ ஒருக்காத்தான். 10 வயசுக்குக் கீழ பெரியாக்களோட வந்தால் காசில்லை. வங்கிக் காட்டைக் கதவில தட்டியும் போகலாம், ஆனா ஒரு காட் ஒராளுக்கு. அம்மா அப்பாவுக்குக் கடுதாசி ரிக்கெற்றை ‘தபாக்கி’ கடையில முதலே வாங்கி வையுங்கோ, பெரிய ‘டி’ எழுத்துப் பலகை தொங்கும். பஸ்ஸில ஏறின உடன மெசினில குத்தோணும், குத்தாத ரிக்கெற் இல்லாத ரிக்கெற். டெர்மினியில இருந்து வாட்டிகன் பக்கம் போற 64ஆம் நம்பர் பஸ் களவுக்குப் பேர் போனது. பையை முன்னால போடுங்கோ.

விமானநிலையத்தில இருந்து வெள்ளை ராக்சி: ஃபியூமிச்சினோவில இருந்து பழைய நகரைச் சுற்றின ஒரேலியன் மதிலுக்கு உள்ள எங்க போனாலும் நிலையான கட்டணம் 55 யூரோ, பெட்டியும் சேர்த்து, காருக்கு. தலைக்கு எண்டு கேட்டால் ஏறாதேங்கோ. சாதாரணக் கார் நாலு பேருக்குத்தான், நீங்கள் ஆறு பேர். பெரிய வாகனம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறது நல்லம்.

---

மேட்டுத்தெரு:

கல்தச்சன் ஐயா, வல்வைக்காற்று, இருவருக்கும் மிக்க நன்றி. விடுமுறை நாள் விஷயம் சத்தியமாகத் தெரியாது. திட்டத்தை மாற்றிவிட்டேன்.

இரண்டு சந்தேகம். ஒன்று, ஃபோரத்துக்குக் கைடு என்றால் குழுவிலா தனியாகவா? குழு என்றால் விலை பாதிகூட இல்லை. இரண்டு, அம்மாவை வைத்துக்கொண்டு கொலோசியம், ஃபோரம், பாலட்டைன் மூன்றையும் மூன்று மணி நேரத்தில் முடிக்கிறார்களாமே, சாத்தியமா?

---

படித்துறை:

மூன்று மணி நேரத்தில் மூன்று இடம் என்பது இருபத்தைந்து வயதுக்காரர்களை வைத்துப் போட்ட கணக்கு. பாலட்டைனை அம்மாவின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள், செங்குத்தான ஏற்றம். அப்பாவும் பெரியவனும் ஆசைப்பட்டால் கைடு போன பிறகு அதே டிக்கெட்டில், ஃபோரத்தை விட்டு வெளியே வராமல், மேலே ஏறிவிட்டு வரட்டும்.

குழுச் சுற்றுலாவின் வழக்கமான பாதை: கொலோசியம் முடிந்ததும் டைட்டஸ் வளைவு வழியாக நுழைந்து, புனித வழி எனும் பழைய சாலையில் கீழிறங்கி ஃபோரத்தின் நடுவுக்கு. அந்தச் சாலை பெரிய பெரிய கருங்கல் பலகை, இரண்டாயிரம் ஆண்டு தேய்ந்து வழவழப்பு, ஒவ்வொன்றும் ஒரு சாய்வு. முழங்கால் வலிக்காரருக்கு ஏற்றத்தைவிட இந்த இறக்கம்தான் எமன். ஆகவே தனிக் கைடு எடுத்து பாதையை நீங்கள் சொல்லுங்கள்: கொலோசியத்திலிருந்து ஃபோரி இம்பெரியாலி சாலையிலேயே சமதரையில் அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடந்து, சலாரா வெக்கியா நுழைவாயிலில் உள்ளே இறங்குவது. அது சரிவுப் பாதை. இறங்கிய இடத்திலேயே கல்தச்சன் சொன்ன அந்தரக் கதவுக் கோயில், எதிரே சீசரை எரித்த இடம் என்று காட்டப்படும் பீடம், சில நிமிட நடையில் செனட் கூடிய க்யூரியா, செப்டிமியஸ் செவரஸ் வளைவு. ஃபோரத்தின் சாரம் இருநூறு மீட்டருக்குள் வந்துவிடுகிறது. பார்த்துவிட்டு அதே வழியில் மேலே வரலாம்.

வழியில் இடது கையில் மேக்சென்டியஸ் மண்டபத்தின் மூன்று பிரம்மாண்ட வளைவுகள் தெரியும். அங்கே சாலையோரச் சுவரில் பளிங்கில் பதித்த நான்கு வரைபடங்கள் உண்டு. ரோம் ஒரு புள்ளியாக ஆரம்பித்துப் பேரரசாக விரிந்ததைப் படிப்படியாகக் காட்டும். 1934இல் முசோலினி ஆட்சியில் வைத்தது, நோக்கம் என்னவென்று சொல்லத் தேவையில்லை, ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அந்த மண்டபம் எழுவதற்கு முன் அதே இடத்தில்தான் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. முசிறியில் மரக்கலம் ஏறிய நம் மேற்குக்கரை மிளகு வந்து குவிந்த ஊர் இது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், அதன் பிறகு அவரே கேள்வி கேட்க ஆரம்பிப்பார்.

இனி தனியா குழுவா. உங்கள் விஷயத்தில் விலையைவிட மொழிதான் தீர்மானிக்க வேண்டும். குழுவில் இருபது பேர், எல்லோர் காதிலும் கருவி, கைடு பேசிக்கொண்டே நடப்பார். நீங்கள் அம்மாவுக்குத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த தூணுக்குப் போயிருப்பார். நீங்களும் முழுசாகக் கேட்கவில்லை, அம்மாவும் எதையும் கேட்கவில்லை என்றாகும். தனிக் கைடு என்றால் ‘மூன்று நிமிடம் பேசுங்கள், இரண்டு நிமிடம் நிறுத்துங்கள்’ என்று முதலிலேயே சொல்லிவிடலாம். ஆனால் மொழிபெயர்ப்பால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே மூன்று மணி நேரத்துக்கு ஆள் பிடித்து, ஒன்றரை மணி நேரச் சரக்கு மட்டும் கேளுங்கள். முந்தைய நாள் இரவே ஓட்டல் அறையில் கதையைத் தமிழில் சொல்லிவைத்துவிட்டால் இடத்தில் போய் ‘அதோ அதுதான்’ என்று காட்டினால் போதும்.

தனிக் கைடுக்குக் காசை ஞாயிறு ஒரு நாள் செலவழியுங்கள். வாட்டிகனுக்கு ஆடியோ கைடு போதும் என்பது என் கருத்து.

நிலத்தடி: அம்மாவுக்கு வேண்டாம், இறங்கி ஏறப் படி. அரங்கத் தரை டிக்கெட் எடுங்கள். கிளாடியேட்டர்கள் நின்ற மட்டத்தில், சமதரையில் நிற்கலாம். தரையின் பெரும்பகுதி திறந்தே கிடப்பதால் கீழே விலங்குக் கூண்டும் தூக்குப் பொறிகளும் இருந்த சுவர்கள் மேலிருந்தே தெரியும். மேல் மாடிக்கு லிஃப்ட் உண்டு, ஊழியரிடம் முழங்காலைக் காட்டிக் கேளுங்கள்.

---

கல்தச்சன்:

படித்துறை சொன்ன ஃபோரம் பாதை அருமை, நானும் அதையே சொல்வேன். வாட்டிகனுக்கு ஆடியோ கைடு என்பதில்தான் உடன்பாடில்லை.

காரணம் விளக்கம் அல்ல, வழி. சிஸ்டைன் சேப்பலின் கடைசியில் இரண்டு கதவு. இடது கதவு மியூசியம் பக்கம் திரும்ப அழைத்துப் போகும். வெளியே வந்து மதிலைச் சுற்றி பேராலயத்துக்கு நடக்கக் கால் மணி நேரம், அங்கே மறுபடி பாதுகாப்பு வரிசை. வலது கதவு நேரே பேராலயத்தின் பக்கம் இறக்கிவிடும், அது கைடோடு வரும் குழுக்களுக்கானது. அம்மாவின் காலுக்கு அந்த ஒரு கதவே கைடு காசுக்குச் சரியாகிவிடும். அந்த வழியில் படி உண்டு, ஆனால் மொத்த நடையோடு ஒப்பிட்டால் தேவலை.

எச்சரிக்கை: வலது கதவு எல்லா நாளும் திறந்திருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. விழா, நிகழ்ச்சி என்றால் மூடுவார்கள். கைடிடம் ‘மூடியிருந்தால் என்ன செய்வீர்கள்’ என்று முன்பே கேட்டுவையுங்கள். புதன் காலை பேராலயம் மூடியிருப்பதால் அன்று இந்தக் கணக்கே செல்லாது, செவ்வாய் வைத்ததன் காரணமும் அதுவே.

இங்கே பெரும்பாலானோர் மாட்டுவது இரண்டு விஷயத்தில். மியூசிய வாசலில் பையை ஒப்படைத்திருந்தால் அதை வாங்க மியூசிய வாசலுக்கேதான் திரும்ப வேண்டும். வலது கதவு வழியாகப் போய்விட்டால் பை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். ஆடியோ கைடு கருவியும் அப்படியே, எடுத்த இடத்தில்தான் கொடுக்க வேண்டும். ஆகவே சின்னப் பை மட்டும், கருவி வாடகை வேண்டாம்.

சிஸ்டைனுக்குள் கைடு பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அதனால் முன்னாலேயே, பைன் கூம்பு முற்றத்தில் வைத்திருக்கும் பலகைகளைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கிவிடுவார்கள். கூரை ஓவியம் 1508 முதல் 1512 வரை, பீடச் சுவரில் உள்ள ‘இறுதித் தீர்ப்பு’ அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து, 1536 முதல் 1541 வரை. இரண்டும் மைக்கேலாஞ்சலோ. நீங்கள் அந்த முற்றத்திலேயே பெற்றோருக்குத் தமிழில் சொல்லி முடித்துவிட வேண்டும், உள்ளே கிசுகிசுத்தால்கூடக் காவலர் அதட்டுவார். உள்ளே போனதும் ஓரச் சுவர் பெஞ்சில் இடம் பிடித்து அம்மாவை உட்கார வையுங்கள். நின்று அண்ணாந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கழுத்து போய்விடும்.

தனிக் கைடு இங்கே தேவையில்லை, சிறிய குழு போதும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போகாததாகப் பாருங்கள். விளம்பரத்தில் ‘பேராலயமும் உண்டு’ என்று எழுதியிருக்கிறதா என்று கவனியுங்கள். சிஸ்டைனோடு முடித்துவிடும் சுற்றுலாக்கள்தான் விலை குறைவாக இருக்கும்.

தோளும் முழங்காலும் மூடிய உடை, ஆண் பெண் இருவருக்கும். அம்மாவுக்குச் சேலை என்றால் கவலையே இல்லை, அரைக்கால் சட்டை போட்ட பெரியவனைத்தான் நிறுத்துவார்கள். குவிமாடம் ஏற 551 படி. லிஃப்ட் எடுத்தாலும் 320 பாக்கி. அது கணவன் மனைவி உங்கள் இருவருக்கும் பெரியவனுக்கும் மட்டும்.

வலது கதவு கிடைக்காது என்று ஆகிவிட்டால், மியூசியத்தில் இரவல் சக்கர நாற்காலி உண்டு. அம்மா வேண்டாம் என்பார், நீங்கள் வாங்குங்கள்.

---

வல்வைக்காற்று:

கைடைப் பதிய முதல் இதையெல்லாம் எழுத்தில கேளுங்கோ: நுழைவு ரிக்கெற் விலைக்குள்ள இருக்கோ, இல்லை நாங்களோ எடுக்கிறது? நாங்கள் எடுக்கிறது எண்டால் கைடும் அதே நேரத்துக்கு உள்ள வரேலுமோ? (தனி ஆக்களுக்கான ரிக்கெற்றை முதலே வாங்கிப்போட்டு கைடைத் தேடினால் சில இடத்தில பொருந்தாது. கைடோட கதைச்சுப்போட்டு வாங்குங்கோ.) எங்க சந்திக்கிறது, எங்க முடியும்? உரிமம் இருக்கோ? இத்தாலியில உரிமம் உள்ள ஆள்தான் கைடு வேலை செய்யலாம், கழுத்தில அட்டை தொங்கும். கொலோசியத்துக்கு வெளியில நிண்டு கூப்பிடுற ஆக்களிட்டைப் போகாதேங்கோ.

‘இலவச நடைச் சுற்றுலா’ எண்டு வாறது கடைசியில காசு எதிர்பாக்கிறது, உள்ளுக்கும் போகாது. திங்கள் பின்னேரம் நடுநகரம் பாக்க வேணுமெண்டால் பரவாயில்லை.

இன்னொண்டு, வேலைநிறுத்தம். ‘ஷோப்பெரோ’ எண்டு சொல்லுவினம். வெள்ளியிலதான் கூடுதலா வரும், மற்ற நாளிலும் வரும், திகதி முன்கூட்டியே அறிவிப்பினம். ரோமில அந்த நாளிலும் காலை 8.30 வரையும் பின்னேரம் 5 தொடக்கம் 8 வரையும் வண்டி ஓடும். உங்கட கைடு நேரம் 8.30 எண்டால் போறதுக்குக் கிடைக்கும், திரும்பிறதுக்குத்தான் ராக்சி பாக்கோணும். ராக்சியைக் கை காட்டி நிப்பாட்டேலாது, தரிப்பிடத்துக்குப் போகோணும் இல்லாட்டிச் செயலியில கூப்பிடோணும்.

தண்ணிக்குக் காசு குடுக்காதேங்கோ. தெருவுக்குத் தெரு ‘நாசோனி’ எண்டு இரும்புக் குழாய், ஏறக்குறைய 2,500 இருக்கு. நல்ல குடிதண்ணி. குழாய் வாயை விரலால அடைச்சால் மேல் ஓட்டையால தண்ணி பாயும், சின்னப் பிள்ளைக்கு அது போதும் விளையாட.

---

மேட்டுத்தெரு:

குறித்துக்கொண்டேன். கடைசியாக மூன்று: ஞாயிறு வெயில் ஏறினால் எங்கே ஒதுங்குவது? புதன் போர்கேசேக்குப் பிறகு நிலத்தடிக் கல்லறை (காட்டகோம்ப்) சாத்தியமா? கைடுக்கு டிப்ஸ் எவ்வளவு?

---

படித்துறை:

ஃபோரத்தில் நிழலே கிடையாது, பதினொன்றரைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். கொலோசியத்திலிருந்து சில நூறு மீட்டரில் சான் கிளெமென்டே தேவாலயம். மேலே 12ஆம் நூற்றாண்டுச் சர்ச், அதன் கீழே 4ஆம் நூற்றாண்டுச் சர்ச், அதற்கும் கீழே ரோமானியக் கட்டடமும் மித்ரா வழிபாட்டுக் குகையும். உள்ளே குளிர்ச்சி. அம்மா மேல் தளத்தில் பொன் மொசைக்கைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம், மற்றவர்கள் கீழே இறங்கலாம். ஞாயிறு காலை பூசை நடக்கும், அது முடிந்த பிறகே பார்வையாளர்களை விடுவார்கள். ஆகவே சாப்பிட்டுவிட்டு மதியத்துக்கு மேல் போங்கள். ரோமில் பல சர்ச்சுகள் மதியம் மூன்று மணி வரை பூட்டிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

காட்டகோம்ப்: புதன் அன்று சான் கலிஸ்தோ விடுமுறை, சான் செபஸ்தியானோ திறந்திருக்கும் (அதற்கு ஞாயிறு விடுமுறை). கைடு டிக்கெட்டிலேயே அடக்கம், தனியாக உள்ளே விடவே மாட்டார்கள், ஆகவே வெளியிலிருந்து கைடு பிடித்துப் போவது வீண் செலவு. இறங்கப் படி, உள்ளே குறுகல், மே மாதத்திலும் மெல்லிய ஸ்வெட்டர் வேண்டும். அம்மாவையும் சின்னப் பிள்ளையையும் விட்டுவிட்டு மற்றவர்கள் போகலாம். ஆறு பேரும் ஒன்றாகப் போக வேண்டும் என்றால் காட்டகோம்பை விட்டுவிட்டு ஆஸ்தியா அந்திகா போங்கள். பிரமிடே மெட்ரோ நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருந்து உள்ளூர் ரயில், அரை மணி நேரம், நகரத்து 1.50 யூரோ டிக்கெட்டே செல்லும். பழைய துறைமுக ஊர், தெரு, அரங்கம், சாப்பாட்டுக் கடை எல்லாம் சுவரோடு நிற்கிறது, பைன் மர நிழல் உண்டு, கூட்டம் இல்லை. தரை அங்கேயும் கரடுமுரடுதான்.

டிப்ஸ் கட்டாயமில்லை. தனிக் கைடு உங்கள் மொழிபெயர்ப்புக்காக நின்று நின்று பேசியிருந்தால் பத்து, இருபது யூரோ கொடுங்கள். குழுவில் என்றால் கொடுக்காவிட்டாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.